டிஷ்வொஷருக்கு முன்னால் தண்ணீர் தேங்குகிறது, கதவு றபரை மாற்றத்தான் வேண்டுமா?

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அம்மா, நான், பதினொரு வயது மகள். என் மைத்துனி 2022இல் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போனபோது தன்னுடைய டிஷ்வொஷரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். ஒரு வருடத்துக்கு மேல் அது துணி போர்த்தியபடி பல்கனியில் நின்றது. அம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கி, சட்டியை இறுக்கிப் பிடித்துத் தேய்க்க முடியாமல் போன பிறகுதான் குசினிக்குள் எடுத்து வைத்தோம். அம்மாவுக்கு 71 வயது. ஐம்பது வருடமாகச் சட்டி கழுவிய கை அது. இனி அந்தக் கைக்கு ஓய்வு கிடைக்கவேண்டும் என்பது என் ஆசை.

இப்போது மூன்று கிழமையாக மெஷினின் முன்பக்கம், இடது மூலையில் தண்ணீர் தேங்குகிறது. முதலில் ஒரு தேநீர்க் கோப்பை அளவு. போன போயா தினத்தன்று துணியால் ஒற்றி ஒற்றி அரை வாளி பிழிந்தேன். அடுத்த நாள் கீழ் வீட்டு அன்ரி என்னைக் கூப்பிட்டு, தங்கள் குசினி சீலிங்கில் மண்ணிறமாக ஊறியிருப்பதைக் காட்டினார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. "மகள், ஆறுதலாகப் பார்த்துச் செய்யுங்கோ" என்று சிங்களத்தில் சொல்லி, குடிக்கத் தேநீரும் தந்து அனுப்பினார். அதற்குப் பிறகு எனக்கு நித்திரையே வரவில்லை.

மெஷின் திருத்தும் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டோம். மெஷினை ஓடவிட்டுப் பார்க்காமல், தண்ணீர் முன்னால் நிற்பதால் கதவு றபர்தான் போயிருக்கிறது என்றார். அதை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டுமாம். கூலியோடு 28,000 ரூபா கேட்டார்.

நான் றபரை வடிவாகத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தேன். கிழிசல் எதுவும் இல்லை. சும்மா அலசும் குறுகிய ஓட்டத்தில் தண்ணீர் வருவதில்லை, சூடாக ஓடும் நீண்ட ஓட்டத்தில்தான் வருகிறது. மெஷின் எந்தப் பிழைக் குறியீடும் காட்டவில்லை. இப்போது நிறுத்தி வைத்திருக்கிறேன். நான் வேலையால் வருவதற்கு முன் அம்மா எல்லாவற்றையும் கையால் கழுவி அடுக்கிவிடுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், றபரை மாற்றத்தான் வேண்டுமா?

தெஹிவளை அண்ணா

தங்கச்சி, இப்போதைக்கு அந்த 28,000 ரூபாவைக் கையில் வைத்திருங்கள். நான் 19 வருடம் கட்டாரில் வீட்டு மெஷின்கள் திருத்தும் வேலை செய்தவன். மெஷினை ஒருதரம் முழுதாக ஓடவிட்டுப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக்கூடாது.

தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் ஆளை ஏமாற்றும். தரை எங்கே சாய்ந்திருக்கிறதோ அங்கே ஓடிப்போய் நிற்கும். ஆனால் அது எந்த நேரத்தில் வெளியே வருகிறது என்பது பொய் சொல்லாது. மெஷின் செய்வது மூன்று வேலைதான்: தண்ணீர் எடுக்கும், அதைச் சுழற்றி அடிக்கும், வெளியே தள்ளும். எடுக்கும்போது ஒழுகினால் தண்ணீர் குளிராகவும் தெளிவாகவும் இருக்கும். அப்படியென்றால் குழாய் இணைப்பையோ உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் வால்வையோ பாருங்கள். சுழற்றும்போது ஒழுகினால் வெதுவெதுப்பாக, சோப்பு வழுவழுப்போடு இருக்கும். கதவு, கதவுக்குக் கீழ்ப்பக்க றபர், உள்ளே சுற்றிச் சுற்றித் தண்ணீர் அடிக்கும் விசிறிக் கை வெடித்திருப்பது, அடியில் இருக்கும் பம்பின் சீல், இவற்றில் ஒன்று. வெளியே தள்ளும்போது என்றால் அழுக்காக, கறி வாசத்தோடு இருக்கும். அது கழிவு ஹோஸ்.

இன்னொரு விஷயம். அநேகமான மெஷின்களின் அடியில் ஒரு தட்டு இருக்கும், அதற்குள் ரெஜிபோம் மிதவை ஒன்று. மெஷினின் வயிற்றுக்குள் எங்காவது ஒழுகினால் தண்ணீர் அந்தத் தட்டில் சேரும், மிதவை உயரும், ஓட்டம் நின்றுவிடும், கழிவுப் பம்ப் மட்டும் விடாமல் இரைந்துகொண்டிருக்கும். போஷ், சீமென்ஸ் வகைகளில் அப்போது ஈ15 என்று காட்டும். உங்கள் மெஷின் எதுவும் காட்டாமல் கடைசி வரை ஓடுகிறது என்றால், அந்தத் தட்டு பெரும்பாலும் காய்ந்துதான் இருக்கும். எனக்குக் கதவு அல்லது வெளியே இருக்கும் ஹோஸ்கள் மீதுதான் சந்தேகம்.

செய்யவேண்டியது இதுதான். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். மெஷினைச் சுற்றித் தரையைத் துளி ஈரம் இல்லாமல் துடையுங்கள். பழைய பத்திரிகைத் தாளைக் கீலம் கீலமாக வெட்டி, கைத்தடியாலோ கம்பாலோ மெஷினுக்குக் கீழே நாலு மூலைக்கும் தள்ளுங்கள். ஒரு கீலத்தைச் சிங்குக்குக் கீழ் அலுமாரிக்குள்ளும் விரியுங்கள். பிறகு வெறும் மெஷினை நீண்ட ஓட்டத்தில் விட்டு, பக்கத்திலேயே இருந்து நேரத்தைக் குறியுங்கள். எந்தத் தாள் முதலில் நனைகிறது, அந்த நேரம் என்ன சத்தம் கேட்டது, இரண்டும் வேண்டும்.

கவனம்: பிளக்கோ எக்ஸ்டென்ஷன் கோட்டோ தரையில் கிடக்கக்கூடாது. சூடேற்றும்போது இது ஏறத்தாழ 2,000 வோட்ஸ் எடுக்கும், அதாவது 9 அம்பியர் அளவில். சுவரில் உள்ள 13 அல்லது 15 அம்பியர் பிளக்கில் நேரே கொடுங்கள். மின் கசிந்தால் தானாக விழும் வீட்டு ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனையும் ஒருக்கா அமத்திப் பாருங்கள். அது விழவில்லை என்றால் மெஷினைத் தொடவேண்டாம், முதலில் எலக்ட்ரீஷியன்.

கொட்டாஞ்சேனை அக்கா

அண்ணா சொன்னதோடு நுரையையும் பாருங்கள் தங்கச்சி. எனக்கு இதே மாதிரி முன்னால் தண்ணீர் வந்தது, காரணம் நுரை. யாழ்ப்பாணத்தில் இருந்தபோது சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிய கிணற்றுத் தண்ணீர், எவ்வளவு தூள் போட்டாலும் காணாது. அதே பழக்கத்தில் இங்கேயும் போட்டேன். கொழும்புக்கு வருவது களனி ஆற்றிலிருந்து அம்பத்தளையில் சுத்திகரித்த தண்ணீரும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் தண்ணீரும். மென்மையான தண்ணீர், கொஞ்சத் தூளுக்கே பொங்கும். நுரை கதவுக்குக் கீழ் விளிம்பால் மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். விசிறிக் கையும் நுரைக்குள் சரியாகச் சுற்றாது.

மெஷினுக்குள் தூளுக்குப் பதிலாகப் போடும் டப்லட் விலை ஏறிய காலத்தில் நான் கையால் கழுவும் திரவத்தில் ஒரு கரண்டி விட்டுப் பார்த்தேன். குசினி முழுக்க நுரை. அதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். பாத்திரம் மினுங்க விடும் திரவத்தின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கசிந்தாலும் நுரைக்கும்.

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

அக்கா, நான் டப்லட்தான் போடுகிறேன், அதுவும் பாதி. இடையில் கதவைத் திறந்து பார்த்தேன், நுரை இல்லை. மூடியும் இறுக்கம். ஆனால் மெஷினில் தண்ணீரின் கடினத்துக்கு ஒரு அளவு வைக்கலாம் என்பது, நீங்கள் தண்ணீரைப் பற்றிச் சொன்ன பிறகு தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மைத்துனி வைத்த உச்ச அளவிலேயே இருந்தது, கீழே இறக்கிவிட்டேன். தண்ணீரை மென்மையாக்க மெஷினில் போடும் உப்பாவது மிஞ்சும்.

அண்ணா, நேற்று இரவு நீங்கள் சொன்னபடியே செய்தோம். ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக விழுந்தது. பழைய வீரகேசரித் தாளை வெட்டி மகள் ஒன்றிலிருந்து ஏழு வரை நம்பர் போட்டாள். ஒன்றும் இரண்டும் முன்பக்கம், மூன்றும் நான்கும் நடுவில், ஐந்தும் ஆறும் சுவர்ப்பக்கம், ஏழு சிங்குக்குக் கீழ். அம்மா கதிரையைக் குசினி வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மகளின் கொப்பியில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

7.40: தொடங்கியது. தண்ணீர் எடுக்கும் சத்தம். எல்லாத் தாளும் காய்ந்திருக்கிறது.
7.44: உள்ளே சுழலும் சத்தம். காய்ந்திருக்கிறது.
7.58: உறுமல் சத்தம், சிங்குக்குள் குளு குளு என்று கேட்டது. ஏழாம் தாளில் ஐந்து பெரிய துளி.
7.59: ஆறாம் தாள் நனைந்தது.
8.36: மறுபடி உறுமல். ஏழு முழுக்க ஈரம். ஆறு, நான்கு, இரண்டு.
8.51: மறுபடியும். முன்னால் தண்ணீர் வந்துவிட்டது.

சிங்க் அலுமாரியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். மெஷினின் கழிவு ஹோஸ், சிங்குக்குக் கீழே போத்தல் மாதிரி இருக்கும் ட்ரப்பின் பக்கவாட்டு மூக்கில் செருகியிருக்கிறது. மெஷின் உறுமும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் தண்ணீர் விசிறி அடிக்கிறது. அலுமாரியின் பின்பலகையால் வடிந்து, மெஷினின் பின்பக்கம் போய், அடியால் ஓடி, இடது முன்மூலையில் வந்து நிற்கிறது. எங்கள் குசினித் தரை பல்கனிப் பக்கம் சாய்வு. இவ்வளவு நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது தண்ணீர் பயணம் முடித்த இடத்தை!

தொட்டு மணந்தும் பார்த்தேன். வெறும் மெஷினை ஓட்டியதால் கறி வாசம் பெரிதாக இல்லை, ஆனால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது.

குறுகிய ஓட்டத்தில் ஏன் வரவில்லை என்பதும் விளங்கியது. அதில் உறுமல் ஒரே ஒரு தடவைதான். விழும் கொஞ்சத் தண்ணீர் பின்னாலேயே காய்ந்துவிடும் போலிருக்கிறது.

ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப் துருவில் பொருமி, விரலால் தொட்டதும் பாதி உதிர்ந்துவிட்டது. இனி என்ன செய்ய வேண்டும்? கிளிப்பை மட்டும் மாற்றினால் போதுமா?

தெஹிவளை அண்ணா

கொப்பி எழுதிய பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். என்னோடு வேலை செய்த பல பேர் இவ்வளவு ஒழுங்காகக் குறித்ததில்லை.

கழிவு ஹோஸ் என்பது உறுதி. மெஷினில் கை வைக்கத் தேவையில்லை, கதவு றபரை மறந்துவிடுங்கள். மிச்சத்தைக் குழாய் வேலை தெரிந்த யாராவது சொன்னால் நல்லது. என் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும்: அந்த ஹோஸ் மெஷினிலிருந்து நேரே ட்ரப்புக்குப் போகாமல், முதலில் சிங்கின் அடிவரை உயர்ந்து, பிறகு இறங்கவேண்டும். தரையிலிருந்து 40 சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரம் என்றுதான் பல மெஷின்களின் புத்தகத்தில் இருக்கும். இல்லாவிட்டால் சிங்கில் அரிசி கழுவிய தண்ணீர்கூடத் திரும்பி மெஷினுக்குள் வந்து சேரும்.

குழாய் வேலை 26 வருடம்

வணக்கம் அக்கா. கிளிப் மட்டும் போதாது. கிளிப் துருப்பிடித்தது கடற்காற்றால். அது சரி. ஆனால் சிங்குக்குள் குளு குளு சத்தம் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைக் கவனியுங்கள். பம்ப் தள்ளுகிற வேகத்துக்கு ட்ரப் விழுங்கவில்லை. தண்ணீர் போக வழியில்லாமல் மேலே சிங்குக்கும், பக்கத்தில் இளகிய மூட்டுக்கும் தள்ளுகிறது. ட்ரப்பைக் கழுவாமல் புதுக் கிளிப் போட்டால் அடுத்த மாதம் வேறொரு மூட்டால் வரும்.

வாளியைக் கீழே வையுங்கள். ட்ரப்பின் அடிக்கோப்பை கையால் திருகினாலே கழரும், சாவி போட்டு நெரித்தால் பிளாஸ்டிக் வெடிக்கும். நம் வீடுகளில் உள்ளே இருப்பது எப்போதும் ஒன்றுதான்: தேங்காய்ப் பூ, சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை நரம்பு, எல்லாவற்றையும் ஒட்டவைக்கும் எண்ணெய். நன்றாகக் கழுவுங்கள். ஹோஸ் செருகும் மூக்கின் உட்பக்கத்தையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டுங்கள், அங்கேதான் ஓட்டை சுருங்கியிருக்கும். திரும்பப் பூட்டும்போது றபர் வளையம் முறுகாமல் தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கையிறுக்கம் போதும்.

ஹோஸின் நுனி வருடக்கணக்காக நசுங்கி இறுகியிருக்கும். ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் புது இடத்தில் செருகுங்கள், ஆனால் நீளம் காணுமா என்று முதலில் அளந்து பாருங்கள். கிளிப்புக்குப் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளுக்குப் போகலாம். ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் எல்லோரும் எடுத்துத் தருவார்கள், பட்டி ஸ்டெயின்லெஸ், ஸ்குரூ சாதாரண இரும்பு. ஒரு காந்தம் கொண்டுபோய் ஸ்குரூவில் வையுங்கள். நன்றாக ஒட்டினால் வேறு பெட்டியை எடுக்கச் சொல்லுங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இரும்பு ஸ்குரூ தாங்காது.

மெஷினுக்குத் தண்ணீர் வரும் ஹோஸையும் இதே சாட்டில் பாருங்கள். முக்கால் அங்குல மூட்டு அது. உள்ளே இருக்கும் தட்டை வொஷர்தான் தண்ணீரைத் தடுக்கும், வெளியே வெள்ளை டேப் சுற்றிப் பயனில்லை. வொஷர் கல்லாக இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

சனிக்கிழமை காலை புறக்கோட்டைக்கு 100ஆம் நம்பர் பஸ்ஸில் போய், அங்கிருந்து பழைய சோனகத் தெருவுக்கு நடந்தேன். மகள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் யானைக் காந்தத்தைக் கொண்டுவந்தாள். மூன்றாவது கடையில்தான் ஒட்டாத ஸ்குரூ கிடைத்தது. கடைக்காரர் யானையை வாங்கி, தன்னிடமிருந்த மற்றக் கிளிப்புகளிலும் வைத்துப் பார்த்தார். இரண்டு கிளிப், ட்ரப்புக்கு றபர் வளையங்கள், ஒரு வொஷர், எல்லாம் சேர்த்து 900 ரூபாவுக்குள் முடிந்தது.

ட்ரப்பைக் கழற்றினேன். தம்பி எழுதியது எதுவும் தப்பவில்லை. தேங்காய்ப் பூ சவர்க்காரக் கட்டி போல உறைந்திருந்தது. மூக்கின் ஓட்டையில் என் சுண்டு விரல்கூட நுழையவில்லை. ஹோஸை ஒரு அங்குலம் வெட்டி, சிங்கின் அடியில் கொக்கி அடித்து உயர்த்திக் கட்டி, புதுக் கிளிப் போட்டேன். மறுபடி ஏழு தாள், மறுபடி கொப்பி. ஏழாம் தாள் கடைசி வரை மொறுமொறுப்பாக இருந்தது. அம்மா அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

ஆனால் முழுதாக முடியவில்லை. பாத்திரம் நிரப்பி ஓட்டியபோது முதலாம் தாளில், இடது முன்மூலையில், மூன்று நான்கு துளி. இது சுழலும் நேரத்தில், வெதுவெதுப்பாக வந்தது. அப்படியென்றால் றபரும் போயிருக்கிறதா அண்ணா?

தெஹிவளை அண்ணா

நீங்களே எழுதினீர்களே, தரை பல்கனிப் பக்கம் சாய்வு என்று. மெஷினும் அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும். கதவின் பக்கங்களிலும் மேலேயும் றபர் நெருக்கிப் பிடிக்கும், ஆனால் கீழ் விளிம்பில் அந்த இறுக்கம் பல மெஷின்களில் கிடையாது. அங்கே ஒரு மெல்லிய உதடுதான், தண்ணீரை உள்ளே திருப்பிவிடும். மெஷின் முன்னால் சாய்ந்தால் தண்ணீர் அந்த உதட்டைத் தாண்டும்.

கதவைத் திறந்து, உள்ளே பக்கச் சுவரோடு மட்டக்கோல் வையுங்கள். முன்கால்களைத் திருகி உயர்த்துங்கள். ஒருவர் மேலே பிடித்துக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டால் திருகுவது சுகம். பிறகு இடமிருந்து வலமும் பாருங்கள். அப்படியே அந்தக் கீழ் உதட்டில் படிந்திருக்கும் பிசுக்கை ஈரத் துணியால் துடையுங்கள். யாரும் அந்த இடத்தைத் துடைப்பதில்லை.

இன்னும் ஒன்று: கீழ்த்தட்டில் முன்பக்கம் என்ன வைத்தீர்கள்? பெரிய மூடியோ தாச்சியோ கதவுப் பக்கம் சரிந்து நின்றால், கீழிருந்து பாயும் தண்ணீர் அதில் பட்டு நேரே கதவு இடுக்குக்கு அடிக்கும்.

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

புட்டுப் பானையின் மூடி. இடது பக்கம், முன்னால், கதவைப் பார்த்தபடி. நான்தான் வைத்தேன்.

முன்கால்கள் இரண்டையும் உயர்த்தினேன், இடதுகாலுக்கு ஐந்து முழுச் சுற்று தேவைப்பட்டது. கீழ் உதட்டைத் துடைத்த துணி மஞ்சளாகிவிட்டது. மூடியை இப்போது பின்வரிசையில் வைக்கிறேன். நேற்று மத்தியானச் சமையல் பாத்திரம் முழுவதும் போட்டு, நீண்ட ஓட்டத்தில் இரண்டு தடவை ஓட்டினேன். ஏழு தாளும் காய்ந்திருந்தன. இரண்டாம் தடவை ஓடும்போது அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் நித்திரையாகிவிட்டார். பாத்திரம் கழுவும் நேரத்தில் அம்மா நித்திரை கொண்டதை நான் இதுவரை பார்த்ததில்லை.

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கடைசியாக ஒன்று. கீழ் வீட்டு அன்ரியின் சீலிங்கில் அந்த மண்ணிற வட்டம் அப்படியே இருக்கிறது. அவர் வேண்டாம் என்கிறார், ஆனால் நான் என் செலவில் பெயின்ட் அடித்துக் கொடுக்கவேண்டும். எப்படிச் செய்வது?

குழாய் வேலை 26 வருடம்

அவசரப்பட்டு அடிக்காதீர்கள் அக்கா. கொங்கிறீட்டுக்குள் போன தண்ணீர் காய நாட்கள் எடுக்கும். வட்டத்தின் ஓரத்தைப் பென்சிலால் மெல்லக் கோடிட்டு வையுங்கள். இரண்டு மூன்று கிழமை கழித்தும் கறை கோட்டைத் தாண்டவில்லை, தொட்டால் குளிரவும் இல்லை என்றால் காய்ந்துவிட்டது. அதோடு உங்கள் ஒழுக்கு நின்றதற்கும் அதுவே சாட்சி.

பிறகு உரிந்த பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, முதலில் எண்ணெய் வகைப் பிரைமர் ஒரு பூச்சு. நேரே தண்ணீர் கலந்த பெயின்டை அடித்தால் எத்தனை பூச்சு அடித்தாலும் மண்ணிறம் ஊறி மேலே வந்துவிடும். பிரைமர் காய்ந்த பிறகு சாதாரண வெள்ளை. அந்த வட்டத்தில் மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும், ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை அடித்துவிடுங்கள்.

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

கோடு போட்டாயிற்று. மகள்தான் ஏணியில் ஏறினாள், அன்ரி ஏணியைப் பிடித்துக்கொண்டார். திகதியையும் பக்கத்தில் சின்னதாக எழுதி வைத்திருக்கிறோம். மூன்று கிழமையில் பார்த்துவிட்டுப் பிரைமர் வாங்கப் போகிறேன்.